பாதி வரியில் நின்ற குரல்

என் மகளின் மடிக்கணினி ஒரு நாள் காலையில் பாதி வரியில் பேச்சை நிறுத்திவிட்டது. திரை எரிந்தது, விசைகள் வேலை செய்தன, பாட்டுப் போட்டால் பாடியது. பாடத்தைப் படிக்கச் சொன்னால் மட்டும் ஒரு வரியைத் தொடங்கி, சில வார்த்தைகள் போனதும் வாயை மூடிக்கொண்டது. அடுத்த வரிக்குப் போனால் அதையும் பாதியில் விட்டது.

நான் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது பெரம்பலூர் ஹாஸ்டலிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். அப்படிக் கூப்பிடுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. போனில் அவள் பெயரைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு முகம் தெரியாதபடி கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டுதான் எடுத்தேன்.

"ம்மா, எனக்கு ஒண்ணும் ஆவல. மொதல்ல மூச்சு வுடு," என்றாள். "லேப்டாப்புக்குத்தான் வாய் அடைச்சிட்டு."

அவளுக்குக் கண் தெரியாது. பிறவியிலேயே அப்படி இல்லை. கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம், கண்ணுக்குப் பின்னாலிருக்கும் நரம்பு வீங்கி, ஒரே வாரத்தில் எல்லாம் முடிந்துபோனது. போர்டு மங்கலாகத் தெரிகிறது என்று வாரத் தொடக்கத்தில் சொன்னவள், வாரக் கடைசியில் என் முகத்தைக் கையால் தடவித்தான் நான் அழுகிறேன் என்பதைத் தெரிந்துகொண்டாள். திருச்சிக்கும் மதுரைக்கும் ஓடியதை இங்கே எழுதப் போவதில்லை. அந்த ஓட்டம் நின்று வெகுநாளாகியும் என் உடம்பு இன்னும் நிற்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். போன் அடித்தால் இப்போதும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன்.

ஒரு வருடம் வீட்டிலிருந்துவிட்டு அவள் கல்லூரிக்குத் திரும்பினாள். பொருளாதாரம். அரியலூரிலிருந்து தினமும் போய்வா என்று நான் சொன்னேன். ஹாஸ்டலில்தான் இருப்பேன் என்று அவள் சொன்னாள். அவள் சொன்னதே நடந்தது. அதை நடத்திக் கொடுத்தது ஒரு மென்பொருள். திரையிலிருப்பதை வாய்விட்டுப் படிக்கும் திரை வாசிப்பான். அது யாருடைய சொத்தும் இல்லை. உலகத்தின் பல மூலைகளில் இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, எல்லோரும் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்திருக்கிறார்கள். அவள் அதை முடுக்கிவிட்டுக் கேட்கும் வேகத்தில் எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடாது. வண்டு ஒன்று டப்பாவுக்குள் அகப்பட்ட மாதிரி இருக்கும். அவளோ பாதியில் நிறுத்தி, "இந்தப் பத்தியில தப்பு இருக்கு பாரு," என்பாள்.

அந்த மென்பொருள்தான் அன்று தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு ஊமையானது. பழைய பதிப்பைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். பிரவுசரும் கூடவே புதிதாகியிருந்ததால் பழையது அதோடு ஒட்டவில்லை. கல்லூரியின் பாடக் குறிப்புகள் இருக்கும் தளம் போனில் ஒழுங்காகத் திறக்காது. செமஸ்டர் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆகவே சாயங்காலமானால் அவளுடைய கணக்கில் என் கணினி வழியாக உள்ளே நுழைந்து, போனில் அவளைக் கூப்பிட்டுக் குறிப்புகளைப் படித்துக் காட்டினேன்.

"ம்மா, நீ படிச்சா எல்லாம் தாலாட்டு மாதிரி இருக்கு. தேவை விதி வரைக்கும் முழிச்சிருந்தேன். அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னே தெரியல."

"அப்ப கொஞ்ச நாளைக்கு வூட்டுக்கு வந்துரு பாப்பா. பரீட்சை வரைக்கும் பக்கத்துல ஒக்காந்து படிச்சுக் காட்டறேன்."

"ஒரு தடவ வந்தா நீ திருப்பி அனுப்ப மாட்ட," என்றாள்.

நான் மறுத்துப் பேசினேன். ஆனால் அவளுடைய கட்டிலுக்கு அன்று காலையிலேயே புது விரிப்பு போட்டுவைத்திருந்தேன்.

என் கணவர் ஆலத்தியூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறார். எதையும் இழுத்தடிக்கப் பிடிக்காதவர். "மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். சரியாவலன்னா போயி கூட்டிட்டு வந்துருவோம். புள்ள படிப்பு கெடக்கூடாது," என்றார். அவள் அதற்குச் சரி என்றாள். அவள் சரி என்ற விதம் எனக்குத் தெரியும். மதுரையில் மருத்துவர் கடைசியாகச் சொன்னதைக் கேட்டுவிட்டும் அப்படித்தான் சரி என்றாள். வீட்டுக்கு வந்துவிட்டால் இனி எல்லாவற்றையும் அம்மா கண்ணால்தான் படிக்க வேண்டும் என்று அவள் முடிவுகட்டிவிடுவாள். அதுதான் எனக்குப் பயம். அதுதான், மனசின் ஒரு மூலையில், எனக்கு ஆசையும்.

நான் திருமானூர்ப் பக்கம் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் ஆசிரியை. எம்.சி.ஏ. படித்தவள். பாடப் புத்தகத்திலிருக்கும் நிரல்களைத் தாண்டி வெகுகாலமாக எதையும் எழுதியதில்லை. ஆனாலும் பிழையை எங்கே சொல்ல வேண்டும் என்பது தெரியும். அந்தத் திரை வாசிப்பானுக்கென்று ஒரு புகார்ப் பக்கம் இருக்கிறது. போய் எழுதினேன்.

அந்தப் பக்கத்தின் நடைமுறையைச் சொல்ல வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் காலை நேரத்தில் சீட்டுப் போடுமிடத்தில் நிற்கிற கூட்டம் போல அங்கே புகார்கள் நிற்கும். நிரல் எழுதுகிறவர்கள் சிலர்தான். எல்லாவற்றையும் அவர்களால் படிக்க முடியாது. அதனால் தன்னார்வலர்கள் ஒவ்வொன்றையும் படித்து, இது நிஜப் பிழையா, முன்பே வேறு யாராவது சொன்னதா, அவசரமா, காத்திருக்கலாமா என்று பிரிக்கிறார்கள். சம்பளம் கிடையாது. ஒரு விதி உண்டு. பிழையைச் சொன்னவரே அதை உறுதிசெய்ய முடியாது. முன்பின் தெரியாத இன்னொருவர் தன் கணினியில் அதைச் செய்து பார்த்து, எனக்கும் இப்படி நடக்கிறது என்று எழுத வேண்டும். அதன் பிறகுதான் அது நிரலர்களிடம் போகும்.

கல்லூரித் தளத்துக்குள் வெளியாள் நுழைய முடியாது என்பதால், மாதிரிக்கு ஒரு வாக்கியம் கொடுங்கள் என்று கேட்டார்கள். கொடுத்தேன். அடுத்தடுத்து பதில்கள் வந்தன. எல்லாம் மரியாதையானவை. எல்லாம் ஒன்றேதான்: எனக்குச் சரியாகவே படிக்கிறது.

"பொய் சொல்றோம்னு நெனைக்கறானுவளோ," என்றார் கணவர்.

"அவங்க மெஷின்ல வரலைங்க. வரலைன்னா வரலைன்னுதானே சொல்லணும்."

"நீதான் ஊருப் புள்ளைங்களுக்கெல்லாம் புரோகிராம் சொல்லிக் குடுக்கற. நீயே உள்ள பூந்து சரிபண்ணிட வேண்டியதுதான, டீச்சரம்மா?"

உள்ளே புகுந்து பார்க்காமல் இல்லை. அந்த நிரலைத் திறந்து பார்த்துவிட்டு, கொள்ளிடத்தில் வெள்ளம் வரும்போது கரையில் நிற்கிறவள் போல நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

வேறு வழி தெரியாமல் அடுத்தவர்களின் புகார்களைப் படிக்கத் தொடங்கினேன். என்னுடையதை மட்டும் ஏன் யாராலும் உறுதிசெய்ய முடியவில்லை, மற்றவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்க்கத்தான் போனேன். போனவளுக்கு அந்த இடத்தைவிட்டு வர முடியவில்லை. அரை என்ற பின்னத்தைத் தேதியாகப் படிக்கிறது என்று ஒரு கணக்கு வாத்தியார். இசைக் குறியீடுகளைத் தாண்டிப் போய்விடுகிறது என்று ஒரு பியானோக்காரர். தன் பேரக்குழந்தையின் பெயரைத் தப்பாக உச்சரிக்கிறது என்று ஒரு தாத்தா. அந்தத் தாத்தாவுக்கு யாரோ ஒருவர் தன் கணினியில் முயன்று பார்த்து, எனக்கும் தப்பாகவே கேட்கிறது, குழந்தை நலமா என்று பதில் எழுதியிருந்தார். இவர்களை யார் இங்கே உட்காரவைத்தது? வேலை முடிந்து, சமைத்து, துவைத்து, மிச்சமிருக்கும் நேரத்தில் எவனோ ஒருவனுடைய கம்ப்யூட்டரில் எதுவோ நின்றுபோனதை எதற்காக இவர்கள் தங்கள் வீட்டில் உட்கார்ந்து நிறுத்திப் பார்க்கிறார்கள்? எங்கள் கஷ்டகாலத்தில் எத்தனையோ பேர் வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். உனக்கு நடப்பது எனக்கும் நடக்கிறதா பார்க்கிறேன் என்று சொல்லி யாரும் உட்கார்ந்ததில்லை. உட்காரவும் முடியாது. இங்கே அதையே ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

படிக்கப் படிக்க இன்னொன்றும் தெரிந்தது. மலையாளத்தில் படிக்கும் ஒருவர், குரல் வரியின் நடுவில் தூங்கிவிடுகிறது என்று எழுதியிருந்தார். வங்காளத்துப் பெண் ஒருவர், பத்தியின் வால் காணவில்லை என்றார். நேபாளத்திலிருந்து ஒருவர், செய்தித்தளங்களில் மட்டும் மௌனம் என்றார். எங்கள் புகாரும் இவையும் ஒரே நோய்தான் என்று எனக்குப் பட்டது. ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு சொற்களில், ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் கிடந்தன. ஒரு தன்னார்வலர் ஒரு புகாரைத் திறந்தால் அந்த ஒன்றுதான் அவர் கண்ணுக்குத் தெரியும். அக்கம்பக்கத்தில் அழுதுகொண்டிருப்பவர்கள் தெரியமாட்டார்கள்.

அங்கேதான் என்னால் முடிந்தது ஒன்று இருந்தது. பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் சிறு துணை நிரல்களை எக்ஸ்டென்ஷன் என்பார்கள். அதை எழுதக் கடல் தாண்ட வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்புக்கு நான் நடத்தும் பாடத்திலிருந்து இரண்டு எட்டுதான். யாராவது அந்தப் பக்கத்தில் ஒரு புகாரைத் திறந்தால், ஓரத்தில் ஒரு பட்டை தோன்ற வேண்டும். அதே பதிப்பு, அதே பிரவுசர், அதே மாதிரித் தொந்தரவு உள்ள மற்றப் புகார்கள், எந்த மொழிக்காரர் எழுதியிருந்தாலும், அந்தப் பட்டையில் வந்து நிற்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் விரிய வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

பள்ளியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லேபில் உட்கார்ந்து எழுதினேன். மீதியைத் திருமானூரிலிருந்து அரியலூர் வரும் பஸ்ஸில் எழுதினேன். கரும்பு டிராக்டர் முன்னால் போனால் எனக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும். வழக்கமாக வரும் கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், பஸ்ஸுலயும் பேப்பர் திருத்தறீங்களா?"

"ஆமாங்க, வெளியூரு பேப்பரு."

"எல்லாரும் பாஸா?"

"இன்னும் எங்க பொண்ணே பாஸாவல."

எழுதி முடித்ததும் தன்னார்வலர்கள் பேசிக்கொள்ளும் இடத்தில் கூச்சத்தோடு அதை வைத்தேன். கைப்பழக்கத்துக்குச் செய்தது, குறையிருந்தால் மன்னிக்கவும் என்று ஆரம்பித்துப் பெரிய முன்னுரையே எழுதினேன். மறுநாள் போய்ப் பார்த்தால், முன்னுரையை யாரும் சீண்டவில்லை. பிரேசிலிலிருந்து ஒருவர், சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களுக்காகப் பட்டையின் நிறங்களை மாற்றி நிரலையே திருப்பி அனுப்பியிருந்தார். இன்னொருவர் அது மெதுவாகத் திறப்பதற்குக் காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். என்னை யார், எந்த ஊர், என்ன தகுதி என்று யாரும் கேட்கவில்லை. நான் செய்த பொருளைக் கையிலெடுத்து, திருப்பிப் பார்த்து, ஆணி அடிக்க வேண்டிய இடத்தில் அடித்துக் கொடுத்தார்கள். கல்யாண வீட்டுக்குத் தேங்காய் துருவ வந்தவர்கள் போல.

பெரிய குறையைச் சொன்னவள் என் மகள். அவளுடைய மடிக்கணினி ஆங்கிலப் பக்கங்களை ஒழுங்காகவே படித்துக்கொண்டிருந்ததால் அவளும் அதைப் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

"ம்மா, ஒன் பட்டைக்குள்ள போனா அது 'பட்டன், பட்டன், பட்டன்'ங்குது. தையக்கடை எதும் வெச்சிருக்கியா?"

பட்டன்களுக்கு நான் படம்தான் போட்டிருந்தேன். பெயர் வைக்கவில்லை. கண் தெரியாதவர்களுக்கான மென்பொருளின் பிழைகளைப் பிரிக்க நான் செய்த கருவியைக் கண் தெரியாதவர்களால் படிக்க முடியவில்லை. அந்தத் தன்னார்வலர்களில் பாதிப் பேர் அவளைப் போன்றவர்கள் என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றே ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் வைத்தேன்.

கருவி ஓடத் தொடங்கியது. தமிழ், மலையாளம், வங்காளம், நேபாளி எல்லாம் ஒரே வரிசையில் வந்து நின்றன. தன்னார்வலர்கள் மறுபடி முயன்று பார்த்தார்கள். பதில் மாறவில்லை: எனக்குச் சரியாகவே படிக்கிறது. மாதக் கடைசி வந்துகொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலமே ஹாஸ்டலில் திரும்ப விட்டுவிடுவதாகச் சொல்லி, கணவர் அவளை வீட்டுக்கு அழைத்துவந்திருந்தார். மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு, கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ அவங்களுக்கு என்ன வாக்கியம் குடுத்த? அத எனக்கு வையி."

வைத்தேன். மடிக்கணினி அந்த வாக்கியத்தை முதலிலிருந்து கடைசிவரை, முற்றுப்புள்ளிவரை, கணீரென்று படித்து முடித்தது.

கணவர் உள்ளேயிருந்து, "சரியாயிட்டா?" என்று கேட்டார்.

"இது படிக்குதேம்மா!" என்றாள் அவள். "திரும்ப வையி." திரும்பவும் படித்தது. "இது எங்க நோட்ஸ்ல எங்க இருக்கு? 'நுகர்வோரின் வேட்கை மிகுந்தால் பண்டத்தின் விலை உயரும்.' எங்க சார் ஜென்மத்துல இப்படி எழுத மாட்டாரே."

"நோட்ஸ்ல இருந்ததுதான். நாந்தான் கொஞ்சம் ஒழுங்கு பண்ணி எழுதுனேன்."

"ஒழுங்குன்னா?"

"நடுவுல நடுவுல இங்கிலீசு எழுத்துல டிமாண்டு, பிரைசுன்னு இருந்துது. ஒலகமே பாக்கற எடத்துல அப்படியா வெக்க முடியும்? நம்ம மொழி மொத மொத அங்க போவுது."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். கண் போன அந்த வாரத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"ஆளு வராங்கன்னா கிழிஞ்ச பாய சுருட்டி உள்ள வெப்பியே, அந்த மாதிரி வெச்சிருக்கம்மா. கிழிசலக் காட்டுனாத்தான தைக்க முடியும்? அது இங்கிலீசு எழுத்தப் பாத்தாத்தான் நிக்குது. அதுக்கப்புறம் தமிழுக்குத் திரும்ப மாட்டேங்குது. எங்க நோட்ஸ்ல இங்கிலீசு இல்லாத வரியே கெடையாது, அதான் எனக்கு எல்லா வரியும் நிக்கற மாதிரி இருந்துது."

என் வாக்கியத்தை அனுப்புவதற்கு முன் நான் ஒருமுறைகூடக் கேட்டுப் பார்க்கவில்லை. அவள் மடிக்கணினியில் எல்லாமே நிற்கிறதே, இதைத் தனியாக எதற்குச் சோதிப்பது என்று விட்டிருந்தேன். மற்றவர்களுக்கு எழுதிக் கேட்டோம். மலையாளக்காரர் செய்தித்தாளின் வரியிலிருந்து ஆங்கிலத்தை எடுத்துவிட்டு நல்ல மலையாளமாக்கிக் கொடுத்திருந்தார். நேபாளத்தவர் பள்ளிப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். வங்காளப் பெண், மழையைப் பற்றித் தானே ஒரு வரி இயற்றிக் கொடுத்ததாக ஒத்துக்கொண்டார். தன் மொழி அந்நியர் முன்னால் போகிறதே, அழகாகப் போகட்டும் என்று நினைத்தாராம். ஒருவரையொருவர் பார்த்திராத நாங்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் வீட்டைக் கூட்டி, கோலம் போட்டு, நோயை உள்ளறையில் ஒளித்துவைத்துவிட்டு, வைத்தியரைக் கூப்பிட்டிருக்கிறோம்.

"இப்ப நான் ஒண்ணு சொல்றேன், அத வையி," என்றாள் மகள். "அரியலூர் போற பஸ் கெளம்பப் போவுது, சீக்கிரம் ஏறுங்க. பஸ்ஸ மட்டும் இங்கிலீசு எழுத்துல போடு."

"இதையா?"

"இதையேதான். இதுதான் நம்ம பேசறது."

போட்டோம். மடிக்கணினி, 'அரியலூர் போற பஸ்' என்றது. நின்றது. பஸ் கிளம்பவேயில்லை.

ஆனால் தமிழ் தெரியாத ஒருவருக்கு அது நின்றது எப்படித் தெரியும்? வாக்கியமே அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டால்? அதற்கும் அவளே வழி சொன்னாள். அவளுடைய குரலில் அந்த வாக்கியத்தை முழுதாகப் பேசிப் பதிவுசெய்தோம். எக்ஸ்டென்ஷனில் இரண்டு பட்டன் சேர்த்தேன். ஒன்றை அழுத்தினால் அவள் பேசுவது கேட்கும். மற்றதை அழுத்தினால் அவரவர் கணினி அதே வரியைப் படிக்கும். இரண்டாவது சீக்கிரம் நின்றுவிட்டால், 'எனக்கும்' என்ற மூன்றாவதை அழுத்த வேண்டியதுதான். மொழி தெரிய வேண்டியதில்லை. காது போதும். மற்ற மூவரும் தங்கள் தங்கள் குரலில் அனுப்பினார்கள். இந்த முறை யாரும் அழகுபடுத்தவில்லை. வங்காளப் பெண்ணின் பதிவில் பின்னால் குக்கர் விசிலடித்தது. அதை வெட்டாமல் அப்படியே வைத்தேன்.

முதல் பதில் போர்ச்சுகல் பக்கம் கடலில் இருக்கும் ஒரு தீவிலிருந்து வந்தது. அவரைப் பற்றி அதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. எழுதியிருந்தது இவ்வளவுதான்: "உங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது வார்த்தைக்குப் பிறகு குரல் நின்றுபோவது எனக்கும் கேட்டது."

பள்ளி லேபில் நின்றுகொண்டு அதைப் படித்தேன். எனக்கும் கேட்டது. அவள் கண் போன நாளிலிருந்து எத்தனை மருத்துவர்களிடம் அவளுக்கு என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று நான் விளக்கியிருப்பேன். எத்தனை உறவுக்காரர்களிடம். யாருக்கும் அவளிடத்தில் நின்று பார்க்க முடிந்ததில்லை. எனக்கே முடிந்ததில்லை. ஒரு தீவில், தன் வீட்டுச் சமையலறையிலோ எங்கேயோ, ஒரு மனிதர் என் மகளின் காதில் நின்ற அதே இடத்தில் தன் காதிலும் நிற்க வைத்துக் கேட்டிருக்கிறார். லேபில் பிள்ளைகள் இருந்ததால் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அதன் பிறகு 'எனக்கும்' என்பது மளமளவென்று வந்தது. எந்தெந்த நாடுகளிலிருந்தெல்லாமோ வந்தது. அவர்கள் அந்தப் பிழைக்கு ஒரு பெயரும் வைத்துக்கொண்டார்கள். தங்களுக்குள் எழுதும்போது அதை 'அரியலூர் பஸ்' என்றார்கள். 'அரியலூர் பஸ்ஸை இன்று யார் பார்க்கிறார்கள்?' என்று ஒருவர் கேட்பார். 'அரியலூர் பஸ் என் பழைய கணினியிலும் நிற்கிறது' என்பார் இன்னொருவர். நிரலர் ஒருவர் கையிலெடுத்தார். ஆங்கிலக் குரலுக்கு மாறியபின், முன்பு எந்தக் குரலில் இருந்தோம் என்பதை மென்பொருள் மறந்துவிடுகிறது. நினைவூட்ட ஒரு வரி சேர்த்திருக்கிறேன் என்றார். கடைசியாக அவர் எழுதியதைக் கணவரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன்: "அரியலூர் பஸ் இப்போது கடைசிவரை போகிறது."

அவர் ஷிப்டு முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். கையை அப்படியே தண்ணீரில் வைத்துக்கொண்டு நின்றார். "அந்த ஆளு எந்த ஊரு?" என்றார். தெரியாது என்றேன். "நம்மூரு பேர அவன் வாயால சொல்லிப் பாத்திருப்பான்ல?" என்றார்.

அந்தத் திருத்தத்தோடு சோதனைப் பதிப்பு வந்த மறுநாள், மாதத்தின் கடைசி சனிக்கிழமை, பெரம்பலூருக்குப் போனேன். கையில் பெரிய பை ஒன்று. ஹாஸ்டல் அறையில் அவள் மட்டும் இருந்தாள். சோதனைப் பதிப்பை நானே போட்டுக் கொடுத்தேன். போட்டுவிட்டு, வேலை செய்யாமல் போய்விடுமே என்று பயந்தேனா, செய்துவிடுமே என்று பயந்தேனா என்று இப்போது கேட்டால் சொல்ல வராது.

அவள் கல்லூரித் தளத்தைத் திறந்தாள். குறிப்புகளுக்குப் போனாள். வேகத்தைக் கூட்டினாள், இன்னும் கூட்டினாள். குரல் ஓடத் தொடங்கியது. தமிழ், ஆங்கிலம், திரும்பத் தமிழ், எங்கேயும் தங்காமல் ஓடியது. அவளுடைய தலை ஒரு பக்கம் சாய்ந்து அப்படியே நின்றது. கண் இருந்தபோது அவள் படிக்கும் விதமும் அதுதான். அதை நான் மறந்திருந்தேன்.

"கேக்குதா?" என்றேன்.

"உஷ்."

"எதாவது நிக்குதா?"

"ம்மா, ரெண்டு பக்கம் தாண்டிட்டேன். நீ பேசுனா எனக்குத்தான் நிக்குது."

நான் வாயை மூடிக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். கை பையில் பட்டிருக்க வேண்டும். அது சரசரத்தது. அவள் குரலை நிறுத்தினாள்.

"அது என்ன பை? காலிப் பை சத்தம் மாதிரி இருக்கு."

நான் பையைக் காலுக்குப் பின்னால் தள்ளினேன்.

"என் துணிமணியெல்லாம் கட்டிட்டுப் போறதுக்கா எடுத்தாந்த?"

"அழுக்குத் துணி இருந்தா எடுத்துட்டுப் போயி தொவச்சுப் போடலாம்னு எடுத்தாந்தேன்," என்றேன்.

அவள் நம்பவில்லை. கட்டிலுக்கு அடியில் காலால் துழாவி ஒரு வாளியை என் பக்கம் தள்ளினாள்.

"அப்ப அத எடுத்துட்டுப் போ. நீலச் சுடிதார் சாயம் போவும், தனியாப் போடு. அடுத்த வாரம் அப்பாகிட்ட குடுத்தனுப்பு, நீ அலையாத."

சொல்லிவிட்டுத் திரும்பி மறுபடி குரலை ஓடவிட்டாள். நான் வாளியிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துப் பையில் வைத்தேன். அழுக்குத் துணியை யாரும் மடிப்பதில்லை. கிளம்புகிறேன் என்று சொல்ல வாசலில் நின்றேன். அவள் படித்துக்கொண்டிருந்தாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வந்தேன்.